பேத்திக்கு வாங்கிய டிஎன்ஏ பெட்டி: ஒரு மாதம் பிரித்துச் சேர்த்த பிறகு

பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஆயர் ஈத்தாமில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகள் பட்டர்வொர்த்தில். மகளின் மூத்த பெண் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். சனிக்கிழமையானால் காலை ஃபெர்ரி பிடித்து என்னிடம் வந்துவிடுவாள்.

நான்காம் படிவத்தில் பள்ளியில் தலசீமியா பரிசோதனை எடுத்தார்கள். ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரை இரத்தக் குறைபாடு அது. அவள் கேரியர் என்று வந்தது, அதாவது மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம். பிறகு எடுத்த டிஎன்ஏ பரிசோதனையின் முடிவு ஒரே வரி: முதல் இன்ட்ரானில் (மரபணுவில் பிறகு வெட்டி எறியப்படும் பகுதி) 5ஆம் எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆனதுதான் டிஎன்ஏ. அந்தக் காகிதத்தை நான்காக மடித்து உயிரியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். புரத உற்பத்தி பாடம் தொடங்கிய வாரம் அதை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"பாட்டி, இந்த ஒரு எழுத்து எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க."

படம் வரைந்து காட்டினேன். போதவில்லை. கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றியதால் ஜார்ஜ்டவுனில் பள்ளி ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போய் 168 மலேசிய வெள்ளி கொடுத்து, துண்டுகளை மாட்டி டிஎன்ஏ மாதிரி செய்யும் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் இதுதான் கிடக்கிறது. இதே பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் மொத்தம் 48 ஜோடி எழுத்துத் துண்டுகள். ஏ-டி ஜோடி 24, ஜி-சி ஜோடி 24. ஏ சிவப்பு, டி மஞ்சள், ஜி பச்சை, சி நீலம். டிஎன்ஏவைப் பார்த்து எழுதப்படும் ஆர்என்ஏவில் டிக்குப் பதிலாக வரும் யு ஆரஞ்சு. ஏவும் டியும் இரண்டு முளைகளால் பொருந்துகின்றன, ஜியும் சியும் மூன்று முளைகளால். உண்மையிலும் அப்படித்தான். முதல் ஜோடியைப் பிடித்து வைப்பவை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், அடுத்த ஜோடியை மூன்று. வாங்கும்போது கடைக்காரரே அந்த முளைகளை எண்ணிக் காட்டினார். நல்ல மனிதர். புரதம் கோக்கும் ரைபோசோமின் கீழ்ப்பாதியில் விரிசல் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னதும் மறுகேள்வி இல்லாமல் நான்கே நாளில் மாற்றுத் துண்டு வரவழைத்துக் கொடுத்தார்.

பெட்டியோடு வரும் மாதிரி வரிசை எந்த மரபணுவும் இல்லை, சும்மா கோத்த எழுத்துகள். அதை ஒதுக்கிவிட்டு, நான் வாழ்நாளெல்லாம் பார்த்த பொருளின் வரிசையை எழுதிக் கொடுத்தேன்: ஹீமோகுளோபினில் இருக்கும் ஆல்பா, பீட்டா என்ற இருவகைச் சங்கிலிகளில் பீட்டா. ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி, ஜிஏஜி என்று தொடங்கும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 24 எழுத்தையும் இரட்டை இழையாகக் கட்டிப் படியெடுத்தால் பச்சை-நீல ஜோடி 26 வேண்டும், இருப்பதோ 24. கடைசி மூன்றெழுத்தை விட்டுவிட்டு 21 எழுத்தோடு நிறுத்திக்கொண்டோம். அந்த 7ஆம் மூன்றெழுத்து ஜிஏஜி. அதன் நடு ஏ மட்டும் டியாக மாறினால் அரிவாள் உயிரணு நோய். பெட்டி தாங்கும் எல்லைக்குள் அந்த இடம் வந்து விழுந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்தப் பெட்டியின் பெரிய பலம் முதுகெலும்புத் துண்டுகள். சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்த வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றிலும் ஐங்கோணம் ஒன்று புடைத்திருக்கிறது, ஒரு முனையில் 5, மறுமுனையில் 3. புதிய துண்டை 3 என்ற முனையில்தான் மாட்ட முடியும். மறுபக்கம் எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது.

பேத்தி, இரட்டை இழையைப் பிரிக்கும் வளையம் போன்ற ஹெலிகேஸை இழையின் மேல் தள்ளித் தள்ளி ஏணியைப் பிரித்தாள். ஒரு பக்கத்து இழையில், படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு ஆர்என்ஏ துண்டான ஊதா நிறப் பிரைமரை வைத்து, அதன் பின்னால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனாள். தடையில்லாமல் போனது. மறுபக்கத்தையும் அதே திசையில் மாட்டப் பார்த்தாள். ஏறவில்லை. துண்டைத் திருப்பினாள், ஏறவில்லை. "பாட்டி, இது பழுதுபோல" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும். பிரிந்து நிற்கும் கவட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பிரைமரை வைத்து, அங்கிருந்து பின்பக்கமாக மாட்டிப் பார்த்தாள். கிளிக் என்று உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் ஏணியைப் பிரித்தாள், மறுபடி கவட்டிலிருந்து பின்னோக்கி வந்தாள். மேசையில் இரண்டு குட்டித் துண்டுகள், நடுவில் ஓர் இடைவெளி.

"ஒக்காசாக்கி துண்டுன்னு சொல்றது இதானா?"

அதேதான். ஆசிரியர் பலகையில் எழுதிப்போட்டு அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல், அன்றைக்குத்தான் அவள் விரலுக்கு வந்தது. ஊதாப் பிரைமர்களைக் கழற்றிவிட்டு டிஎன்ஏ துண்டுகளைப் போட்டு, லைகேஸ் என்ற கொக்கியால் இரண்டையும் இணைத்தாள். நம் உடம்பில் இந்தத் துண்டுகள் ஏறத்தாழ 100 முதல் 200 எழுத்து நீளம் இருக்கும். பாக்டீரியாவில் 1,000, 2,000 வரை போகும்.

ரெய்ஜி ஒக்காசாக்கியைப் பற்றி அன்று அவளுக்குச் சொன்னேன். ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது பதின்ம வயது. மனைவி சுனேக்கோவோடு நகோயாவில் ஆராய்ச்சி செய்து, 1968இல் இந்தத் துண்டுகளை உலகுக்குக் காட்டினார். 1975இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார், வயது 44. அவருக்குப் பிறகும் சுனேக்கோ அந்த வேலையை விடவில்லை. இரத்தப் புற்றுநோய் ஸ்லைடுகளை எத்தனையோ வருடம் பார்த்தவள் நான். அந்தப் பெயரை வெறும் தேர்வுச் சொல்லாக என்னால் சொல்ல முடியாது.

இனி, இந்தப் பெட்டியில் எனக்கு மனம் ஒப்பாத விஷயம். முளை அமைப்பினால் தவறான ஜோடியைச் சேர்க்கவே முடியாது. சிறு பிள்ளைகளுக்கு அது வசதி. ஆறாம் படிவத்துப் பிள்ளைக்கு அது குறை. உயிரணுவில் தவறான ஜோடி சேரத்தான் செய்கிறது. மனித உயிரணுவில், படியெடுக்கும் புரதமான டிஎன்ஏ பாலிமரேஸ் நொடிக்கு 50 எழுத்துபோலச் சேர்க்கிறது. ஒரு தொகுதிக்கு 300 கோடி எழுத்து, தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்றாக இரண்டு தொகுதி. ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்குவதால்தான் சில மணி நேரத்தில் முடிகிறது. அந்த வேகத்தில் லட்சத்துக்கு ஒன்று போலத் தவறான எழுத்து உட்கார்ந்துவிடும். பாலிமரேஸே ஓரடி பின்வாங்கி அதைக் கத்தரித்துவிட்டு மீண்டும் எழுதுகிறது. அதற்கும் தப்பியதைப் பின்னால் வரும் பழுதுபார்க்கும் புரதங்கள் பிடிக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு எஞ்சுவது 100 கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான். உயிரணு டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2015இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் பால் மோட்ரிச் ஆராய்ந்தது இந்தத் தவறான ஜோடிகளைத்தான். அவ்வளவு பெரிய விஷயம் இந்தப் பெட்டியில் எங்குமே இல்லை.

ஒரு பச்சைத் துண்டை எடுத்து அதன் முளைகளை அரத்தால் மட்டமாகத் தேய்த்துவிட்டு, இருபக்கப் பசை நாடாவை ஒட்டினேன். இப்போது அது எதனோடும் சேரும். அதை ஒரு மஞ்சளுக்கு எதிரே வைத்துவிட்டு, படியெடுக்கச் சொன்னேன். பெட்டியில் பாலிமரேஸ் என்பது இழையைக் கவ்வியபடி நகரும் கை வடிவத் துண்டு. உண்மையான பாலிமரேஸின் வடிவத்தையும் மடக்கிய வலக்கைக்குத்தான் ஒப்பிடுவார்கள். அந்தக் கை, பச்சையும் மஞ்சளும் சேர்ந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. பசை நாடாவின் தடிமனால் அந்தப் படி கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்தது.

"நகர மாட்டேங்குது பாட்டி."

நகராததுதான் பாடம் என்றேன். தவறான ஜோடியின் வடிவம் சரியாக அமையாததால்தான் பாலிமரேஸ் தயங்குகிறது, பின்வாங்குகிறது, கத்தரிக்கிறது. பெட்டி செய்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்றை அந்த நாடா செய்துகாட்டிவிட்டது. செய்பவர்கள் இதைப் படித்தால், முளையில்லாத துண்டு நான்கு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்ததாக அவளைக் கேட்டேன்: யாரும் பிடிக்காமல் அந்தப் பச்சை அங்கேயே தங்கிவிட்டால்? அவள் இழையைப் பிரித்து இன்னொரு முறை படியெடுத்தாள். பச்சைக்கு எதிரே இந்த முறை நீலம் வந்து சரியாகப் பொருந்தியது. முளை சேரும் சத்தம் இல்லை, நாடாதான், ஆனாலும் ஜோடி சரி. இனி எந்தப் பாலிமரேஸும் அங்கே நிற்காது. தவறு என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை, எல்லாவற்றுக்கும் அதே எழுத்து அச்சு மாறாமல் போகும்.

இதை அவளுக்குச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அந்த எழுத்து என்னிடமிருந்து போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 26 வயதில், இயந்திரத்தைச் சரிபார்க்க என் இரத்தத்தையே எடுத்து ஓட்டினேன். சிவப்பணுக்கள் அளவில் சிறியவை, ஏ2 ஹீமோகுளோபின் கூடுதல். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. என் மகளுக்கு அது போனது, மகளிடமிருந்து இவளுக்கு. மூன்று தலைமுறையில் எத்தனை கோடிக் கோடி முறை படியெடுக்கப்பட்டிருக்கும். ஒருமுறைகூட அந்த எழுத்து பிசகவில்லை. சரியாகப் படியெடுக்கும் திறமைதான் அந்தத் தவறையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. 31 வருடம் இதைத் தெரிந்தே வேலை பார்த்தேன். ஆனால் அந்தப் பச்சைத் துண்டுக்கு எதிரே அவள் நீலத்தைப் பொருத்தியபோதுதான் எனக்கு நெஞ்சில் இறங்கியது.

டிஎன்ஏவிலிருந்து, புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவை எழுதும் பகுதிக்கு வருகிறேன். துண்டுகள் நன்றாகவே இருக்கின்றன. கையேட்டில் 9ஆம் பக்கத்தில் பெரிய பிழை. தூது ஆர்என்ஏ அச்சு இழையைப் போலவே இருக்கும், டிக்குப் பதில் யு மட்டும் வரும் என்று போட்டிருக்கிறார்கள். அச்சு இழை என்பது ஆர்என்ஏ பாலிமரேஸ் பார்த்து எழுதும் இழை. அதில் டிஏசி இருந்தால் தூதில் ஏயுஜி வரும், எதிர்ஜோடி. தூது ஒத்திருப்பது மற்ற இழையோடு. பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் விடும் இடமே இதுதான். பேனாவால் திருத்திக் கொடுங்கள்.

புரதம் கோக்கும் பகுதி அழகு. ரைபோசோமின் இரண்டு பாதியும் காந்தத்தால் சேர்கின்றன, காந்தம் கொஞ்சம் பலவீனம். உள்ளே மூன்று இடங்கள்: அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் புது டிஆர்என்ஏ உட்கார ஒன்று, வளரும் சங்கிலியைப் பிடித்திருக்க ஒன்று, வேலை முடிந்து வெளியேற ஒன்று. எழுத்து அச்சடித்த டிஆர்என்ஏ 10, வெற்றுத் துண்டு 6. எங்கள் வரிசைக்கு வேண்டியதில் மூன்று பெட்டியில் இல்லை, வெற்றுத் துண்டில் எழுதிக்கொண்டோம். மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம். ஏழு மணிகள் கோத்து முடித்ததும் அவளே நடு ஏவை டியாக மாற்றித் தூதை மறுபடி எழுதினாள். ஜியுஜி. கடைசி மணி வேலினாக மாறியது. அந்த ஒரு மணியால்தான் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல வளைகிறது. மொத்தம் 64 மூன்றெழுத்துச் சொற்கள், 61 அமினோ அமிலத்துக்கு, 3 நிறுத்தக்குறி. 1961இல் நிரன்பர்க்கும் மத்தேயியும் யு மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைக் கொடுத்து, ஃபினைல்அலனின் சங்கிலி வருவதைப் பார்த்து முதல் சொல்லைப் படித்தார்கள். ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்தவர். பேத்திக்கு இது தெரியாது. தெரிந்ததும் கீழ்ப்பாதித் துண்டை இன்னொரு முறை கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

ரைபோசோமை நான் கண்ணால் பார்த்ததாக அவளிடம் சொன்னேன், நம்பவில்லை. இளம் சிவப்பணுவில் உட்கரு போய்விடும், டிஎன்ஏ கிடையாது. ஆனால் ஏற்கெனவே எழுதி அனுப்பிய தூதும் ரைபோசோம்களும் உள்ளே மிச்சம் இருக்கும். ஒரு நாள்போல அதை வைத்தே ஹீமோகுளோபின் செய்துகொண்டிருக்கும். புதிய இரத்தத்தில் நியூ மெத்திலீன் நீலத்தைக் கலந்து, 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து, ஸ்லைடில் இழுத்துப் பார்த்தால் அந்த மிச்சம் நீல வலைபோலத் தெரியும். ரெட்டிக்குலோசைட் எண்ணிக்கை என்று மருத்துவர் கேட்பது அதைத்தான். எத்தனை ஆயிரம் எண்ணியிருப்பேன். வெவ்வேறு ரைபோசோம்களாகத் தெரியாது, எல்லாம் திரண்டு வலையாகத்தான் தெரியும். இருந்தாலும் அது அவைதான்.

கடைசியில் அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பெட்டியில் விடை இல்லை. காரணம், இன்ட்ரானே இல்லை. டிஎன்ஏ, நேராகத் தூது, நேராக ரைபோசோம் என்று போய்விடுகிறது. பாக்டீரியாவுக்கு அது சரி. நமக்கு, எழுதிய தூதின் நடுவிலிருந்து சில பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிய பிறகுதான் அது உட்கருவைவிட்டு வெளியே வரும். தெற்காசிய வம்சாவளி மக்களிடையே பீட்டா தலசீமியாவுக்கு முதல் காரணமாக இருக்கும் மாற்றமே வெட்டி எறியும் பகுதியில்தான் இருக்கிறது. இங்கே மலேசியாவில் விற்கிற பெட்டியில் அது இல்லாதது எனக்கு மிகவும் வருத்தம்.

மகன் வீட்டில் இருந்த அட்டையை எடுத்து, 10 எழுத்துக்கு 1 செ.மீ. என்று வெட்டினேன். பீட்டா மரபணுவில் வைத்துக்கொள்ளும் பகுதி மூன்று, வெள்ளை அட்டை. வெட்டி எறியும் பகுதி இரண்டு, சிவப்பு அட்டை. முதல் சிவப்பு 130 எழுத்து, 13 செ.மீ. இரண்டாவது 850 எழுத்து, 85 செ.மீ., மேசைக்கு வெளியே தொங்கியது. வெள்ளை மூன்றையும் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வரவில்லை. பேத்தி அதிர்ந்துபோனாள், எறியப்போவதை இவ்வளவு எழுதுவானேன் என்று.

முதல் சிவப்பின் தொடக்கத்தில் எழுதினேன்: ஜி-யு-யு-ஜி-ஜி-யு. கத்தரிக்க வருகிற கூட்டத்தில் ஒரு சிறிய ஆர்என்ஏ இந்த எழுத்துகளோடு ஜோடி சேர்ந்துதான் 'வெட்டும் இடம் இது' என்று அடையாளம் காண்கிறது. ஐந்தாவது எழுத்தை அடித்துவிட்டு சி போட்டேன். பிடி தளர்கிறது. பக்கத்தில் ஏறத்தாழ இதேபோல இருக்கும் வேறு இடங்களில் கத்தரி விழுகிறது. தூது குலைகிறது. சரியான தூது கொஞ்சம்தான் வெளியே வருகிறது, பீட்டா சங்கிலி குறைகிறது, ஜோடியில்லாத ஆல்பா சங்கிலி தேங்குகிறது. அமினோ அமிலம் எதுவும் மாறவில்லை, புரதத்தின் எழுத்து ஒன்றுகூடத் தவறில்லை.

அவள் ரொம்ப நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு சிவப்பு அட்டை வெட்டி, அதில் ஐந்தாவது எழுத்தை ஜி என்றே எழுதி, பக்கத்தில் வைத்தாள்.

"இது அப்பா குடுத்தது. இது சரியா ஓடுது, அதான் நான் நல்லா இருக்கேன்."

ஆமாம் கண்ணு என்றேன்.

வாங்கலாமா என்று கேட்டால், ஐந்தாம், ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வாங்கலாம், படியெடுக்கும் பகுதி ஒன்றுக்கே 168 வெள்ளி தகும். ஒரு முளையைத் தேய்க்க அரம், இருபக்கப் பசை நாடா, இரண்டு நிற அட்டை மூன்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சையும் நீலமும் உதிரியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டிருக்கிறேன், அடுத்த சரக்கில் வரவழைப்பதாகச் சொன்னார். வந்தால் 8ஆம் மூன்றெழுத்தையும் கட்டலாம். 85 செ.மீ. அட்டை பெட்டிக்குள் அடங்காததால் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறோம். 13 செ.மீ. அட்டை இரண்டையும் அவள் எடுத்துப் போய்விட்டாள், அந்த மடித்த காகிதத்துக்குள் வைத்து.